கம்பெனி டீசல் வண்டியில் பெட்ரோல் போட்டுவிட்டேன் அண்ணா, மேலே டீசல் ஊற்றினால் சரியாகுமா?

கேள்வி: நாமக்கல்லில் கோழித்தீவனம் சப்ளை செய்யும் கம்பெனியில் சேர்ந்து எட்டு நாள்தான் ஆகிறது. டீசல் லோடு வண்டி, 2022 மாடல். நேற்று பங்க்கில் "ஆயிரத்துக்குப் போடுங்க" என்று சொல்லிவிட்டு போனில் லொக்கேஷன் பார்த்துக்கொண்டிருந்தேன். பில்லைப் பார்த்தால் பெட்ரோல். பின்னால் ஹாரன் அடித்தார்கள், வெட்கமாகப் போய்விட்டது, அப்படியே எடுத்து வந்துவிட்டேன். மூன்று கிலோமீட்டரில் இழுவை இல்லாமல் திணறி நின்றுவிட்டது. நாலைந்து தடவை செல்ஃப் அடித்தும் எடுக்கவில்லை. சூப்பர்வைசரிடம் "ஸ்டார்ட் ஆகவில்லை" என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். மேலே டீசல் ஊற்றினால் போதும் என்கிறார் இன்னொரு டிரைவர். இன்ஜின் போய்விட்டதா அண்ணா? உண்மையைச் சொல்லித்தான் ஆக வேண்டுமா?

பதில்: தம்பி, முதலில் சாவியைக் கழற்றி பாக்கெட்டில் போடுங்கள். இனி ஒரு தடவைகூட செல்ஃப் அடிக்க வேண்டாம், இக்னிஷனைப் போட்டுப் பார்க்கவும் வேண்டாம். டேங்குக்குள்ளேயே பம்ப் இருக்கிற வண்டிகளில் சாவியை ஆன் செய்த உடனே அது எண்ணெயை முன்னால் தள்ள ஆரம்பித்துவிடும். பங்க்கில் வண்டி நின்றிருந்தபோது பெட்ரோல் டேங்கில் மட்டும்தான் இருந்தது. அங்கேயே தள்ளி ஓரமாக நிறுத்தியிருந்தால் டேங்கைக் காலி செய்து, ஃபில்டரை மாற்றி, புது டீசல் ஊற்றி அன்றைக்கே ஓட்டியிருக்கலாம். ஹாரன் அடித்தவனுக்காக எடுத்தீர்களே, அந்த மூன்று கிலோமீட்டர்தான் இப்போது செலவு.

மேலே டீசல் ஊற்றினால் சரியாகும் என்பது பழைய காலத்துப் பேச்சு. அந்த டிரைவர் பொய் சொல்லவில்லை, அவர் ஓட்டிப் பழகிய வண்டி அப்படி. பழைய டீசல் இன்ஜின்கள் கொஞ்சம் கலப்படத்தைத் தாங்கின. குளிர் நாடுகளில் டீசல் உறையாமல் இருக்கக் கொஞ்சம் பெட்ரோல் கலந்துகொள்ளலாம் என்று சில பழைய வண்டிகளின் கையேட்டிலேயே போட்டிருந்தார்கள். உங்கள் வண்டி 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 (புகை மாசு விதி) வண்டி, காமன் ரெயில் சிஸ்டம்; அதாவது எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவான ஒரு குழாயில் டீசலை அழுத்தி வைத்திருப்பது. கார் டயரில் நாம் அடிக்கும் காற்று இரண்டு பாருக்குக் கொஞ்சம் மேல்; இந்த ரெயிலில் டீசல் 1,600 பார், அதற்கு மேலும் அழுத்தத்தில் நிற்கும். அந்த அழுத்தத்தை உண்டாக்குகிற ஹை பிரஷர் பம்ப்புக்கு மசகு கொடுப்பது இன்ஜின் ஆயில் இல்லை, அதன் வழியாக ஓடுகிற டீசலேதான். டீசலில் பிசுக்கு உண்டு, பெட்ரோலில் கிடையாது. அது கழுவித் துடைத்துவிடும். அப்புறம் பம்ப்புக்குள் இரும்பும் இரும்பும் நேராக உரசும், அதில் உதிர்கிற பொடி, இன்ஜினுக்குள் டீசலைப் பீச்சுகிற இன்ஜெக்டர் வரைக்கும் போகும், ரிட்டர்ன் லைன் வழியாக டேங்குக்கும் திரும்பி வரும். பம்ப், இன்ஜெக்டர், ரெயில், பைப் என்று மொத்தமாக மாற்றச் சொல்கிறார்களே, அது இதனால்தான், ஒர்க்‌ஷாப்காரனின் பேராசை மட்டும் இல்லை.

சரி, உங்களுக்கு அந்த நிலைமை வந்துவிட்டதா என்பதை இங்கிருந்து சொல்ல முடியாது, ஆனால் வண்டியில் பார்த்தால் தெரியும். மெக்கானிக் ஃபில்டரைக் கழற்றும்போது பக்கத்தில் நில்லுங்கள். உள்ளே இருப்பதை வெள்ளைத் துணியில் ஊற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். வெள்ளி ஜிகினா மாதிரி மின்னுகிற பொடி இருந்தால் பம்ப் அடிபட்டிருக்கிறது. பொடி இல்லையென்றால், மூன்று கிலோமீட்டர்தானே ஓடியிருக்கிறது, டேங்க், லைன் எல்லாம் சுத்தம் செய்து, ஃபில்டரை மாற்றி, லைனில் புகுந்த காற்றை வெளியேற்றிவிட்டால் ஓடிவிடும் வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. டேங்கில் பழைய டீசல் எவ்வளவு மிச்சம் இருந்தது என்பதும் முக்கியம், அதையும் ஞாபகப்படுத்திச் சொல்லுங்கள். வண்டியைத் தள்ளியோ கட்டி இழுத்தோ ஸ்டார்ட் செய்யப் பார்க்காதீர்கள். ஸ்டியரிங் லாக் விட வேண்டுமென்றால் சாவியை முதல் கட்டம் வரை திருப்பினால் போதும், ஆன் வரை போகாதீர்கள். முடிந்தால் மேலே ஏற்றிக் கொண்டுபோகிற ரெக்கவரி வண்டியைக் கூப்பிடுங்கள்.

இப்போது உண்மையைச் சொல்வது. மெக்கானிக்கிடம் இன்றைக்கே சொல்லுங்கள், வேறு வழியே இல்லை. எங்களிடம் ஒரு வண்டி இப்படித்தான் வந்தது, டிரைவர் வாயைத் திறக்கவில்லை, நாங்களும் பேட்டரி, ரிலே, சென்சார் என்று ஒன்றரை நாள் தேடினோம், நடுவில் எத்தனை தடவை செல்ஃப் அடித்தோம் என்று கணக்கே இல்லை. கடைசியில் ஃபில்டரைத் திறந்தால் குப்பென்று பெட்ரோல் வாசனை. ஒரு சொட்டை விரலில் தேய்த்தால் போதும், டீசல் என்றால் பிசுபிசுவென்று நிற்கும், பெட்ரோல் சில்லென்று காய்ந்து போகும். மறைக்கவே முடியாத தப்பு இது.

சூப்பர்வைசரிடமும் மெக்கானிக் சொல்வதற்கு முன்னால் நீங்கள் சொல்லிவிடுங்கள். "சார், பங்க்கில் டீசல் என்று நான் சொல்லவில்லை, பெட்ரோல் போட்டுவிட்டார்கள், கவனிக்காமல் விட்டது என் தப்பு, இதோ பில்" என்று நேராக. திட்டுவார், வாங்கிக்கொள்ளுங்கள். நஷ்டத்துக்குச் சம்பளத்தில் பிடிப்பதாக இருந்தால், உங்கள் கவனக்குறைவால் நேர்ந்தது என்று காட்டி, உங்கள் விளக்கத்தையும் கேட்ட பிறகுதான் பிடிக்கலாம், உண்மையான நஷ்டத்துக்கு மேல் பிடிக்கக் கூடாது. அதனால் ஒர்க்‌ஷாப் பில்லின் நகல் உங்களிடமும் இருக்கட்டும்.

பங்க்கையும் விட்டுவிடாதீர்கள். கேட்காமலேயே பெட்ரோல் நாசிலை வைத்தது அவர்கள் பங்குத் தப்பு. பில்லோடு மேனேஜரைப் பாருங்கள், கேமரா பதிவை அழிக்காமல் வைக்கச் சொல்லுங்கள். டேங்க் சுத்தம் செய்யும் செலவையாவது ஏற்றுக்கொள்கிற பங்க்குகள் உண்டு. ஒரே மாதிரி சின்ன லோடு வண்டி டீசலிலும் வருகிறது, பெட்ரோலிலும் வருகிறது, சிஎன்ஜியிலும் வருகிறது, பார்த்த மாத்திரத்தில் அந்தப் பையனுக்கும் தெரியாது. இன்ஷூரன்ஸ் பெரிதாகக் கைகொடுக்காது: சாதாரண பாலிசி விபத்துக்குத்தான், இன்ஜின் கோளாறுக்கு இல்லை. ரோட்சைடு அசிஸ்டன்ஸ் எடுத்திருந்தால் சிலவற்றில் வண்டியைத் தூக்கிப்போகும் செலவு கிடைக்கும், பாலிசியைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இனிமேல் பங்க்கில் இறங்கி நின்று, தொகைக்கு முன்னால் "டீசல்" என்ற வார்த்தை வாயில் வரட்டும். சொந்த ஸ்கூட்டருக்கு "நூறுக்குப் போடுங்க" என்று சொல்லிப் பழகிய வாய் அது, அப்படியேதான் வரும். மூடிக்குப் பக்கத்தில் டீசல் என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டுங்கள். உங்கள் வண்டியில் நீல மூடி ஒன்று இருந்தால் அது புகையைச் சுத்தம் செய்கிற யூரியாக் கரைசலுக்கானது, அதில் டீசலை ஊற்றிவிட்டு, அல்லது டீசல் டேங்கில் அந்தக் கரைசலை ஊற்றிவிட்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள், அது இதைவிடப் பெரிய வேலை.

கடைசியாக, டேங்கிலிருந்து எடுக்கிற கலவையை வாயால் உறிஞ்சி எடுக்க யாரையும் விடாதீர்கள், பக்கத்தில் பீடி, வெல்டிங் எதுவும் கூடாது. கொஞ்சம் பெட்ரோல் கலந்தாலே அது டீசல் மாதிரி சாதுவாக இருக்காது. ஒர்க்‌ஷாப்பில் யாராவது ஒருவர் "என் பைக்குக்கு ஊற்றிக்கொள்கிறேன்" என்று கேனோடு வந்து நிற்பார். கொடுக்காதீர்கள், அடுத்த வாரம் அந்த பைக்கும் புகை விட்டுக்கொண்டு அங்கேயே வந்து நிற்கும்.