ஹார்டு டிஸ்க்கைக் காட்டாத மின்ட் நிறுவி

வணக்கம். 2012 மடிக்கணினி, 500 ஜிபி ஹார்டு டிஸ்க், கூடவே 32 ஜிபி சின்ன எஸ்எஸ்டி, லினக்ஸ் மின்ட் இயங்குதளத்தின் நிறுவியில் எந்த டிஸ்க்கும் தெரியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். டிஸ்க் கெட்டுப்போகவில்லை, பயப்படாதீர்கள்.

அந்த எஸ்எஸ்டி, விண்டோஸை வேகமாக்க இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ் மென்பொருள் வைத்துக்கொள்ளும் கேஷ், அதாவது அடிக்கடி தேவைப்படும் தரவுக்கான வேகமான இடைநினைவகம். எஸ்எஸ்டி, ஹார்டு டிஸ்க் இரண்டையும் ஒரு ரெய்டு தொகுதியாக (பல டிஸ்க்குகளை ஒன்றாக இணைக்கும் முறை) கட்டி, அதன் குறிப்பை டிஸ்க்கின் கடைசியில் எழுதி வைத்திருக்கும். அதைப் பார்த்துத்தான் நிறுவி ஒதுங்கிவிடுகிறது.

தயவுசெய்து உடனே பயாஸில் (கணினி துவங்கும்போது திறக்கும் அடிப்படை அமைப்புகள்) கை வைக்காதீர்கள். எழுதுவதை முதலில் கேஷில் வைக்கும் 'மேக்ஸிமைஸ்டு' முறையில் ஓடியிருந்தால், நீங்கள் கடைசியாகச் சேமித்தவை இன்னும் கேஷிலேயே இருக்கலாம், ஹார்டு டிஸ்க்குக்குப் போயிருக்காது. முதலில் விண்டோஸுக்குள் போய் அந்த மென்பொருளில் ஆக்ஸிலரேஷனை (அந்த கேஷ் வசதியை) நிறுத்துங்கள். படங்கள், ஆவணங்கள் எல்லாவற்றையும் வெளி டிஸ்க்கில் நகலெடுங்கள். அப்புறம் பயாஸில் சாட்டா முறையை (டிஸ்க்குகள் இணைக்கப்படும் விதம்) ரெய்டிலிருந்து, டிஸ்க்குகளைத் தனித்தனியாகக் காட்டும் ஏஹெச்சிஐக்கு மாற்றுங்கள். விண்டோஸையும் வைத்துக்கொள்வதாக இருந்தால், மாற்றியதும் முதல் முறை சேஃப் மோடில் (அத்தியாவசியமானவை மட்டும் ஓடும் முறை) திறக்க வேண்டும்.

அதன் பிறகும் டிஸ்க் தெரியாவிட்டால் பழைய ரெய்டு குறிப்பு மிச்சமிருக்கிறது என்று அர்த்தம். லைவ் மின்டின் (நிறுவாமலேயே ஓடும் மின்ட்) டெர்மினலில், அதாவது கட்டளை தட்டும் சாளரத்தில், டிஎம்ரெய்டு கட்டளையால் அதை மட்டும் அழிக்கலாம்.

நிறுவும்போது ரூட் பகுதியை (இயங்குதளக் கோப்புகள்) எஸ்எஸ்டியில் போடுங்கள், ஹோம் பகுதி (உங்கள் கோப்புகள்) ஹார்டு டிஸ்க்கில் இருக்கட்டும். பூட் பகுதியும் (துவக்கக் கோப்புகள்) ஹார்டு டிஸ்க்கிலேயே இருப்பது நல்லது, இந்த வகைக் கணினிகள் சிலவற்றின் பயாஸ் சின்ன எஸ்எஸ்டியிலிருந்து துவங்காது.