பழிக்குப் பழி: கணக்கை எந்த நாளிலிருந்து தொடங்குவது? (கேள்வி பதில்)

வலை அறுப்பு, படகு எரிப்பு, ஊர்ப்பகை, கொலைக்குக் கொலை என்று நம் ராமநாதபுரம் கடற்கரையை விடாமல் துரத்தும் விஷயம் பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தேன். நான் வரலாற்று ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். படகுத் தகராறுகளில் இரு தரப்புக்கும் நடுவில் உட்கார்ந்து பேசிய பழக்கமும் உண்டு. ஒரே பொருளில் வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

பாம்பனிலிருந்து ஒரு நாட்டுப்படகு மீனவர்: விசைப்படகு ஒன்று என் வலையை அறுத்து இழுத்துக்கொண்டு போய்விட்டது. என் மகன்கள் இருவரும் அந்தப் படகைக் கொளுத்தியே தீர வேண்டும் என்று நிற்கிறார்கள். அவர்களிடம் என்ன சொல்வது?

அவர்களுடைய கோபம் நியாயமானது என்று முதலில் சொல்லுங்கள். வலைக்கு வாங்கிய கடன் உங்கள் தலையில்தான் இருக்கிறது. அதைப் பேசாமல் "பொறுமையாக இரு" என்று மட்டும் சொன்னால் பிள்ளைகள் உங்கள் பேச்சைக் கேட்கமாட்டார்கள்.

அடுத்து இதைக் கேளுங்கள்: படகு எரிந்த பிறகு வலைக்குப் பணம் யாரிடம் கேட்பது? இன்று நீங்கள் புகார்தாரர். படகு எரிந்தால் உங்கள் மகன்கள் வழக்கில் எதிரிகள். அறுந்த வலையைப் பற்றிப் பேச அதன்பின் ஒருவரும் இருக்கமாட்டார். எரிந்த படகில் கூலிக்குப் போனவர்களின் அடுப்பும் அணையும். வலையை அறுத்தது ஓட்டியவரின் முடிவாக இருந்தாலும், பழி அவர்கள் எல்லோர் மேலும் விழுகிறது. பிறகு அவர்கள் உங்கள் மகன்களைத் தேடி வரவேண்டியதில்லை, உங்கள் ஊர்ப் படகு எதுவானாலும் போதும் என்று வருவார்கள். பழி எப்போதும் இப்படித்தான் ஆள் மாறிப் பரவும்.

தமிழ்நாட்டுக் கடற்கரையில் 1970களில் விசைப்படகுகளுக்கும் கட்டுமரங்களுக்கும் நடந்த மோதல்களில் படகுகள் எரிந்தன, உயிர்கள் போயின. பிறகு 1983ஆம் ஆண்டின் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் கரையிலிருந்து 3 கடல்மைல் தூரத்தைச் சிறு படகுகளுக்கு ஒதுக்கியது. குறுகலான பாக் நீரிணையில் அது மட்டும் போதவில்லை. அதனால் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்று நாளையே பிரித்தார்கள். மோதல் நடந்ததால்தானே சட்டம் வந்தது என்று உங்கள் மகன்கள் கேட்கலாம். மோதல் அரசை உலுக்கியது உண்மை, அதை மறைக்க வேண்டாம். ஆனால் வலைகளைக் காப்பாற்றிவருவது அந்த நாள் பிரிப்புதான். அது மீறப்படும் இடங்களில்தான் இன்றும் வலை அறுகிறது.

படகின் பதிவு எண், வலை விட்ட இடத்தின் ஜி.பி.எஸ். குறிப்பு, மிஞ்சிய வலையின் படம், கூட இருந்தவர்களின் பெயர் ஆகியவற்றை எழுதி, தாமதிக்காமல் மீன்வளத்துறை அலுவலகத்தில் கொடுங்கள். தனியாகப் போகாதீர்கள், சங்கத்தோடு போங்கள். அந்தப் படகின் சங்கத்துக்கும் ஒரு நகல் போகட்டும். இழப்பீட்டுப் பேச்சுக்கு அவர்களும் வந்தாக வேண்டும்.

தேவிபட்டினம், கல்லூரி மாணவர்: வாங்கிய அளவுக்கு மட்டும் திருப்பிக் கொடுத்தால் இரண்டு பக்கமும் சமமாகி, சண்டை நின்றுவிடாதா?

தம்பி, அந்த "அளவு" யாருக்கும் கைகூடுவதில்லை. 2003இல் லண்டனில் ஒரு சோதனை நடத்தினார்கள். இருவர் மாறி மாறி ஒருவர் விரலை ஒருவர் கருவியால் அழுத்த வேண்டும். தன் விரலில் உணர்ந்த அதே விசையைத்தான் திருப்பித் தர வேண்டும் என்பது நிபந்தனை. இருவரும் அதே அளவு என்று நம்பித்தான் அழுத்தினார்கள். ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் விசை கூடிக்கொண்டே போனது. நாம் கொடுக்கும் அழுத்தத்தை நம் மூளை குறைத்தே உணர்கிறது, வாங்குவதை முழுதாக உணர்கிறது. பகையே இல்லாத ஆய்வுக்கூடத்தில், ஒரு விரலில் இப்படி என்றால், சொந்த அண்ணனைப் பறிகொடுத்தவன் கையில் அளவு எப்படி நிற்கும்?

மண்டபம், பெயர் வேண்டாம் என்றவர்: இலங்கையில் 2009இல் போரை முடித்தது ஆயுதம்தானே? வன்முறையால் அமைதி வராது என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

மண்டபம் இலங்கை அகதிகள் முகாமைப் பார்த்து வளர்ந்த ஊரிலிருந்து வரும் கேள்வி என்பதால் விரிவாகவே சொல்கிறேன்.

1983 ஜூலை 15 அன்று ராணுவத்துடனான மோதலில் ஒரு புலித் தளபதி இறந்தார். ஜூலை 23 அன்று யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் நடந்த பதுங்கித் தாக்குதலில் 13 சிப்பாய்கள் கொல்லப்பட்டார்கள். மறுநாள் முதல் கொழும்பில் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தன. எரித்தவர்கள் அதைப் பதிலடி என்றார்கள். எரிந்ததைப் பார்த்த இளைஞர்கள் பதிலடி கொடுப்பதற்காக இயக்கங்களில் சேர்ந்தார்கள். உயிர் பிழைக்கத் தப்பியவர்கள் படகேறி நம் கரையில் வந்து இறங்கினார்கள். இந்தச் சங்கிலியில் யார் முதலில் அடித்தது என்று கேட்டுப் பாருங்கள். ஒருவர் ஜூலை 23 என்பார், ஒருவர் ஜூலை 15 என்பார், இன்னொருவர் 1958 கலவரத்துக்கும் 1956இன் சிங்களம் மட்டும் சட்டத்துக்கும் போவார். ஒவ்வொரு பக்கமும் தன் பிணத்திலிருந்து கணக்கைத் தொடங்குகிறது. அதனால்தான் அது தீர்வதில்லை.

2009 மே மாதம் துப்பாக்கிச் சத்தம் நின்றது, அதை மறுக்கவில்லை. ஆனால் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடும் தாய்மார்கள் 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் தெருவோரம் உட்கார்ந்து போராட்டத்தைத் தொடங்கினார்கள். போர் முடிந்து எட்டு ஆண்டு ஆகியும் அவர்களுடைய ஒரே கேள்விக்குப் பதில் இல்லை. வென்றவர்கள் மட்டும் கணக்கை எழுதி மூடினால் அமைதி அங்கேயே நின்றுவிடுகிறது. வட அயர்லாந்தில் முப்பது ஆண்டு வன்முறையில் சுமார் 3,500 பேர் இறந்தார்கள். அங்கே 1998 ஏப்ரல் ஒப்பந்தம், பிரிட்டனோடு இருக்க வேண்டும் என்றவர்கள், அயர்லாந்தோடு சேர வேண்டும் என்றவர்கள் என இரு தரப்புக்கும் ஆட்சியில் இடம் கொடுத்தது. கைதிகள் விடுதலை உட்பட, பாதிக்கப்பட்டவர்களுக்குக் கசப்பான பல ஷரத்துகள் அதில் இருந்தன. குறைகளோடுதான் அது நிற்கிறது, ஆனால் நிற்கிறது.

முதுகுளத்தூர் பக்கம் சொந்த ஊர், இப்போது கீழக்கரையில் கடை வைத்திருப்பவர்: எங்கள் பக்கத்தில் இரண்டு சமூகத்தாரும் சமாதானமாகப் போங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். சமாதானக் கூட்டங்களால் என்ன பயன்?

1957 செப்டம்பர் 10 அன்று முதுகுளத்தூரில் மாவட்ட ஆட்சியர் அமைதிக் கூட்டம் கூட்டினார். மறுநாள் இரவு பரமக்குடியில் ஒடுக்கப்பட்ட சமூகத்தின் தலைவர் இம்மானுவேல் சேகரன் கொல்லப்பட்டார். தீண்டாமையை எதிர்த்து நின்ற அவருக்கு அப்போது 32 வயது. செப்டம்பர் 14 அன்று கீழத்தூவலில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் மறுதரப்புச் சமூகத்தைச் சேர்ந்த ஐந்து பேர் இறந்தார்கள். 2011இல், சேகரனின் நினைவு நாளான அதே செப்டம்பர் 11 அன்று, பரமக்குடியில் மறுபடியும் போலீஸ் சுட்டது, மறுபடியும் உயிர்கள் போயின.

உங்கள் சந்தேகம் சரியானது. மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவரைத் தனக்குச் சமமாக ஏற்காமல் நடத்தும் கூட்டம் வெறும் சடங்கு. இருபுறமும் தவறு என்று பொதுவாகச் சொல்லிவிட்டு எழுந்து போகவும் எனக்கு மனம் இல்லை. டீக்கடையிலும் கோயிலிலும் சுடுகாட்டுப் பாதையிலும் ஒருவரைத் தாழ்த்தி வைத்திருக்கும்வரை, அங்கே நிலவும் அமைதி அடங்கிப்போனவரின் மௌனம்தான். அந்த மௌனத்தை உடைக்க வழக்கு, மறியல், ஓட்டு, சங்கம் எல்லாம் இருக்கின்றன. அரிவாளை எடுத்த நாளில் பேச்சு, சுடுகாட்டுப் பாதை உரிமையிலிருந்து விலகி, கொலை வழக்குக்குப் போய்விடுகிறது. நஷ்டம் எப்போதும் தாழ்த்தப்பட்டவருக்குத்தான் அதிகம்.

திருப்புல்லாணியிலிருந்து ஒரு சகோதரி: என் தம்பியைக் கொன்றவர்களை மன்னித்துவிடு என்று உறவினர்கள் வற்புறுத்துகிறார்கள். சித்தப்பா மக்களோ பழிவாங்க வேண்டும் என்கிறார்கள். எனக்கு இரண்டுமே முடியவில்லை.

அம்மா, இரண்டையும் செய்ய வேண்டியதில்லை. மன்னிப்பு உங்களுக்குச் சொந்தமானது, அதை யாரும் வசூல் செய்ய முடியாது. வழக்கில் சாட்சி சொல்லுங்கள், ராஜியாகச் சொல்லி வரும் பணத்துக்கும் மிரட்டலுக்கும் பணியாதீர்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. ராமநாதபுரத்தில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பிக்கலாம், 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். பாதிக்கப்பட்டோர் இழப்பீட்டுத் திட்டத்துக்கான மனுவும் அங்கேயே. சித்தப்பா மக்களிடம் ஒன்று சொல்லுங்கள்: அவர்கள் ஜெயிலுக்குப் போனால், நீதிமன்றத்தில் உங்களுக்குத் துணையாக உட்கார ஆண்பிள்ளை ஒருவரும் மிஞ்சமாட்டார்.

தங்கச்சிமடம், விசைப்படகுத் தொழிலாளி: 2017 மார்ச்சில் எங்கள் ஊர்ப் பையன் கடலில் சுட்டுக் கொல்லப்பட்டான். அந்த இலங்கைக் கரைக்காரர்களோடு இன்னும் என்ன பேச்சு?

அந்தச் சாவுக்கு நீதி கேட்பதை நிறுத்த வேண்டாம். நிராயுதபாணியான மீனவனைச் சுடுவதற்கு எந்த எல்லைக்கோடும் நியாயமாகாது. ஆனால் சுட்டவர்கள் வேறு, அந்தக் கரையில் வலை விடுபவர்கள் வேறு. போர்க்காலத்தில் வடக்கு மீனவர்களுக்குக் கடலே மறுக்கப்பட்டிருந்தது. 2009க்குப் பிறகு கடன் வாங்கி வலை போட்டார்கள், அதை நம் விசைப்படகுகளின் இழுவை மடிகள் (கடலடியை வாரி இழுக்கும் வலைகள்) அறுத்தன. முதல் கேள்வியில் பாம்பன்காரர் சொன்ன வலியேதான் அவர்களுக்கும். 2014இல் சென்னையிலும் பிறகு கொழும்பிலும் இரு கரை மீனவர்களும் நேருக்கு நேர் உட்கார்ந்தார்கள். அவர்கள் இழுவை மடியை நிறுத்தச் சொன்னார்கள், நம்மவர்கள் மாறுவதற்கு அவகாசம் கேட்டார்கள். முடிவு எட்டவில்லை. இழுவை மடியிலிருந்து வெளியேற அரசு கைகொடுக்காமல் அந்தப் பேச்சு நகராது என்பது என் கருத்து. கச்சத்தீவு அந்தோனியார் திருவிழாவில் இரு கரைக்காரர்களும் ஒரே பூசையில் நிற்கிறார்கள். அங்கே போகும்போது வலை பறிகொடுத்த ஒருவரிடம் நேராகப் பேசிப் பாருங்கள்.

ஏர்வாடி, ஒரு தாய்: பள்ளியில் அடிக்கும் பையனைத் திருப்பி அடிக்கச் சொல்லலாமா?

அடி விழும்போது கையை மறித்துத் தடுக்கலாம், தள்ளிவிட்டு ஓடலாம். அது தற்காப்பு, சட்டமும் அதை ஏற்கிறது. மறுநாள் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு காத்திருந்தால் அது பழி. முதலில் வகுப்பாசிரியரிடம் எழுத்தில் கொடுங்கள். அடித்த பையனின் தாயையும் ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள்.