சின்னக் குரலோடு ஓரட்டோரியோ போட்டிக்குப் போகலாமா?

கேள்வி: எனக்கு 27 வயது. காக்ஸ் டவுனில் பெற்றோருடன் இருக்கிறேன், ஐ.டி. வேலை. எங்கள் தமிழ்ச் சபையின் கொயரில் சின்ன வயதிலிருந்தே சோப்ரானோ (பெண்களின் மேல் குரல்) பாடுகிறேன். பள்ளி நாட்களில் வர்ணம் வரை கர்நாடக சங்கீதம் கற்றேன். 5 வருடமாக ஓர் ஆசிரியையிடம் மேற்கத்திய வாய்ப்பாட்டு. போன டிசம்பரில் ஹேண்டலின் ‘மெசாயா’வில் (புனிதக் கதையைப் பாட்டாகச் சொல்லும் ஓரட்டோரியோ அது) நான் சோலோ பாடியதைக் கேட்ட, கச்சேரியை நடத்திய கண்டக்டர், நியூயார்க்கில் வளரும் பாடகர்களுக்காக நடக்கும் ஓரட்டோரியோ போட்டிக்கு விண்ணப்பிக்கச் சொன்னார். ஆசிரியையோ, “உன் குரல் சின்னது, பெரிய ஹாலுக்குத் தாங்காது” என்கிறார். சபையில் வேதபாடம் வாசிக்கும் என் அப்பா, “தேவனுக்குப் பாடுவதில் என்ன முதல் பரிசு, இரண்டாம் பரிசு?” என்கிறார். கமகம் பழகிய தொண்டை இடைஞ்சல் செய்யுமோ என்ற பயமும் இருக்கிறது. என்ன செய்யட்டும்?
பெயர் வேண்டாம், பெங்களூரு.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

விண்ணப்பியுங்கள். முதல் சுற்றுக்கு ஒலிப்பதிவை ஏற்கும் போட்டி என்றால், போனால் போவது விண்ணப்பக் கட்டணம் மட்டும்தான். டிக்கெட், விசா பேச்செல்லாம் தேர்வான பிறகு. இப்போதே அம்மாவின் வளையலைப் பார்க்காதீர்கள்.

உங்கள் கண்டக்டர் சொன்னது நியூயார்க் ஓரட்டோரியோ சங்கத்தின் போட்டியாக இருக்கும். 1873இல் தொடங்கிய சங்கம் அது. மறு வருடமே ‘மெசாயா’ பாடியவர்கள், இன்றும் டிசம்பர் வந்தால் பாடுகிறார்கள். தனிப்பாடகர் போட்டியை 1977 முதல் நடத்துகிறார்கள். லண்டனிலும் ஹேண்டல் பாடல்களுக்கென்றே 2002 முதல் ஒரு போட்டி இருக்கிறது, அதையும் பார்த்து வையுங்கள். வயது வரம்பு, எத்தனை பாட்டு, எந்தெந்த மொழி என்பதை அந்தந்த ஆண்டின் விதிகளில் வரி விடாமல் படியுங்கள். இந்த விஷயத்தில் பிறர் சொல் கேட்காதீர்கள், என் சொல் உட்பட.

சரி, குரல் சின்னது என்ற விஷயத்துக்கு வருகிறேன். ஓரட்டோரியோ கேட்டிராத வாசகர்களுக்காக ஒரு வார்த்தை: வேஷம் கிடையாது, நடிப்பு கிடையாது, மேடையில் அரண்மனை கிடையாது. கையில் ஸ்கோரை, அதாவது இசைத் தாளை, வைத்துக்கொண்டு, நின்ற இடத்தில் நின்று, ஒரு புனிதக் கதையைப் பாட்டாகவே சொல்ல வேண்டும். நந்தனார் சரித்திரத்தைக் கதாகாலட்சேபமாகக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது ஒன்றும் அந்நியமில்லை. பாகவதருக்குப் பின்னால் ஒருவர் ஜால்ரா போடுவார், இங்கே அறுபது பேர் கொயர் நிற்கும். அவ்வளவுதான் வித்தியாசம் என்று சொன்னால் இரு தரப்பும் அடிக்க வரும், சொல்லிவிட்டேன்.

‘மெசாயா’ முதன்முதலில் டப்ளினில் 1742 ஏப்ரல் 13 அன்று அரங்கேறியபோது, “அவர் அசட்டை பண்ணப்பட்டவர்” என்ற ஆல்ட்டோ (பெண்களின் தாழ்ந்த குரல்) பாட்டைப் பாடியவர் சுசானா சிப்பர். தொழில் நடிகை. அவருடைய குரல் வெறும் நூல், சங்கீத ஞானமும் சொற்பம், ஆனாலும் வார்த்தையின் பொருளை உணர்ந்து பாடி நெஞ்சைத் தொட்டுவிடுவார் என்று சார்ல்ஸ் பர்னி என்ற அந்தக் கால இசை வரலாற்றாசிரியர் எழுதிவைத்திருக்கிறார். உங்கள் ஆசிரியையிடம் இதைச் சொல்லி வாதாட வேண்டாம். அவர் மேடையில் நாடகமாக நடித்துப் பாடும் ஓப்பராவை மனதில் வைத்துப் பேசுகிறார், அந்த அளவில் அவர் சொல்வது நியாயம். அந்த அளவுகோல் இங்கே செல்லாது.

பல வருடத்துக்கு முன் மும்பையில் ஒரு சிறு பாட்டுப் போட்டியில் பியானோ வாசித்தவருக்குப் பக்கம் புரட்டும் வேலை எனக்கு. அந்த ஸ்டூலிலிருந்து நடுவர்களின் கை தெரியும். ஒரு பெண் பெரிய ஆரியாவை (தனிப்பாட்டுக்கு அந்தப் பெயர், ஏரியா என்று எழுதினால் எந்த ஏரியா, ஃப்ரேசர் டவுனா என்று கேட்பீர்கள்) குறையே இல்லாமல் பாடினாள், மூன்று பென்சிலும் ஓடிக்கொண்டே இருந்தன. அடுத்து வந்த பையன் ஆரியாவுக்கு முன்னால் பேச்சு நடையில் வரும் ரெசிட்டடிவை, எட்டே வரி, பக்கத்து வீட்டுச் செய்தியைச் சொல்வது போலச் சொன்னான். நடு நாற்காலிக்காரர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். அந்தப் பையனுக்குத்தான் பரிசு கிடைத்தது என்று எழுத ஆசைதான். கிடைக்கவில்லை, ஆரியாவில் ஓரிடத்தில் தடுமாறிவிட்டான். ஆனால் வெளியே வந்து டீ குடிக்கும்போது எல்லோரும் பேசியது அந்த எட்டு வரியைத்தான்.

போட்டிக்குத் தயாராகிறவர்கள் ஆரியாவுக்கு ஆறு மாதமும் ரெசிட்டடிவுக்கு ஆறு நாளும் கொடுக்கிறார்கள். நீங்கள் திருப்பிப் போடுங்கள். ரெசிட்டடிவ் என்பது நம்முடைய விருத்தம் மாதிரி. தாளில் நாலு எண்ணிக்கை போட்டிருக்கும், ஆனால் ஓடுவது பேச்சின் நடைதான். ‘மெசாயா’வில் சோப்ரானோவின் மேய்ப்பர் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வரிக்குக் கீழே கீபோர்டும் செல்லோவும் மட்டும் சுருதி மாதிரி நீண்டு நிற்கும். தூதன் வந்ததும் வயலின்கள் சேர்ந்து அசையத் தொடங்கும். தூதன் பேசும்போது மறுபடி வெறும் கீபோர்டும் செல்லோவும். பரமசேனை திரளாக வரும்போது வயலின்கள் படபடக்கும். நான்கு துண்டும் சேர்ந்து இரண்டு மூன்று நிமிடம் இருக்குமா? அதற்குள் இருட்டு, பயம், ஆறுதல், ஆரவாரம் எல்லாம் வந்துபோக வேண்டும். வாக்கியம் முடியும் இடத்தில் ஒரே ஸ்வரம் இரண்டு முறை எழுதியிருந்தால், முதலாவதை ஒரு படி மேலே எடுத்து இறக்குவது அந்தக் காலத்து மரபு. அதைத் தெரிந்து பாடுகிறீர்களா என்று நடுவர்கள் கவனிப்பார்கள்.

இன்னொன்று உங்களுக்கே தெரிந்திருக்கும். ‘மெசாயா’வில் வழக்கமாக சோப்ரானோ அரை மணி நேரத்துக்கும் மேல் சும்மா உட்கார்ந்திருந்த பிறகு எழுந்து இந்த வரியைத்தான் முதலில் பாட வேண்டும். ஒரு டிசம்பரில் எனக்கு அப்படி எழுந்தபோது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மேய்ப்பர்கள் வயலில் இருந்தார்களா இல்லையா என்று யாருக்கும் தெரியாமல் போனது. ஆகவே வீட்டில் பழகும்போதும் அரை மணி நேரம் வாய் திறக்காமல் உட்கார்ந்துவிட்டு எழுந்து பாடிப் பாருங்கள்.

கமகம் பற்றிய பயம் பாதிதான் சரி. ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிப் போகும் ஜாரு உங்களை அறியாமல் வரும், அதை மட்டும் கழற்றி வையுங்கள். மற்றதெல்லாம் சொத்து. ‘மெசாயா’வின் “ரிஜாய்ஸ் கிரேட்லி”யில் ஓர் எண்ணிக்கைக்கு நாலாக ஓடும் ஸ்வரங்களை அகாரத்தில், சரளி வரிசை போல மூன்று காலத்திலும் பாடிப் பாருங்கள். பிருகா பழகிய தொண்டைக்கு அது விளையாட்டு. அதே பாட்டில் முதல் பகுதி திரும்ப வரும்போது அலங்காரம் சேர்த்துப் பாடலாம். அதற்குப் பெயர் ஆர்னமென்ட். நமக்குத் தெரிந்த பெயர் சங்கதி. சங்கதி போடத் தெரிந்தவருக்கு எங்கே நிறுத்துவது என்பதும் தெரிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

கமகத்தைவிடப் பெரிய ஆபத்து குற்றியலுகரம். சிரிக்காதீர்கள். மெய்யெழுத்தில் முடியும் ஆங்கிலச் சொல்லுக்குக் கடைசியில் ஒரு சின்ன ‘உ’ ஒட்டுவது நம் வாய்க்கு இயல்பு. ‘லார்ட்’ லார்டு ஆகும், ‘காட்’ காடு ஆகிவிடும். நீளமான ஸ்வரத்தின் முடிவில் அது இன்னும் பளிச்சென்று கேட்கும். போனில் பதிவுசெய்து சொல் முடிவுகளை மட்டும் கேளுங்கள், ஒரு வாரத்தில் பிடிபட்டுவிடும்.

பாட்டுத் தேர்வில் ஆசைப்படாதீர்கள். மெண்டல்சனின் ‘எலைஜா’வில் (1846) இரண்டாம் பாகத்தைத் தொடங்கும் சோப்ரானோ பாட்டு கம்பீரமானது, அதனாலேயே போட்டிகளில் அதை ஆளாளுக்குக் கையில் எடுக்கிறார்கள். ஜெனி லிண்ட் என்ற அந்தக் காலத்துப் பிரபல சோப்ரானோவின் மேல் ஸ்தாயியை மனதில் வைத்து எழுதிய பாட்டு அது. உங்களுக்கு இன்னும் ஐந்து வருடம் போகட்டும். ஹைடனின் ‘கிரியேஷ’னில் பசுமையைப் பாடும் ஆரியா உங்கள் குரலுக்குப் பொருந்தும். ஜெர்மன் வேண்டுமென்றால் பாக்கின் ‘மத்தேயு பாடுகள்’ என்ற படைப்பில் வரும் “அவுஸ் லீபெ”. ஒரு புல்லாங்குழல், ஓபோ என்ற குழல் இரண்டு, அவ்வளவுதான் துணை. கீழே தாங்கிப் பிடிக்கும் பேஸ் வரிசையே கிடையாது. தம்புரா இல்லாமல் நட்டநடுவில் நிற்பது போலிருக்கும். சின்னக் குரல் அங்கே நிற்பதுதான் அழகு.

ஒலிப்பதிவுக்குச் சபையின் கல்சுவர் எதிரொலியை நம்பாதீர்கள், சொல் குழைந்துவிடும். சுருதி சேர்த்த பியானோ இருக்கும் சாதாரண அறை போதும். காலை ஆறரைக்கு முன் முடித்துவிடுங்கள், அப்புறம் வீலர் ரோட்டு ஹாரன் எல்லாம் உங்களோடு டூயட் பாடும். ஜனவரியில் பெங்களூரின் உலர்ந்த காற்றும் தூசியும் தொண்டையை என்ன பாடு படுத்தும் என்று உங்களுக்கே தெரியும், கடைசி வாரத்துக்குத் தள்ளிப்போட வேண்டாம். தேர்வானால், பரிசுப் பணம் வாங்க எந்த விசா வேண்டும் என்று அமைப்பாளர்களிடமே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அப்பா விஷயம் மிச்சம். அவர் கேட்டதை லண்டன்காரர்கள் 1743லேயே கேட்டுவிட்டார்கள். வேத வசனத்தை நாடகக் கொட்டகையில், நடிகைகளை வைத்துப் பாடுவதா என்று பத்திரிகைக்கே கடிதம் போனது. டப்ளின் கச்சேரியின் வசூல் கடனுக்காகச் சிறையில் கிடந்தவர்களுக்கும் இரண்டு மருத்துவமனைகளுக்கும் போனது என்பதையும் அப்பாவிடம் சொல்லுங்கள். நம் பக்கம் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் குறவஞ்சியையே எடுத்து ‘பெத்லகேம் குறவஞ்சி’ ஆக்கினார், அன்று முகம் சுளித்தவர்களும் இருந்திருப்பார்கள். இதெல்லாம் சொல்லியும் அவர் மனம் மாறவில்லை என்றால் மாற்ற வேண்டாம். பரிசைப் பற்றிய அவருடைய சங்கடத்தில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

ஆனால் அவரிடம் ஓர் உதவி கேளுங்கள். லூக்கா இரண்டாம் அதிகாரத்தை எட்டாம் வசனத்திலிருந்து, சபையில் வாசிப்பது போலவே உங்களுக்கு வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். “அப்பொழுது அந்த நாட்டிலே மேய்ப்பர்கள் வயல்வெளியில் தங்கி” என்று தொடங்கி, “அவர்கள் மிகவும் பயந்தார்கள்” என்பதற்கு வரும்போது எங்கே மூச்சு எடுக்கிறார், எந்தச் சொல்லில் குரலைத் தாழ்த்துகிறார் என்று போனில் பதிவுசெய்யுங்கள். அதை நான்கைந்து முறை கேட்டுவிட்டு ஹேண்டலின் ஸ்கோரைத் திறங்கள்.