பால் சொசைட்டிச் சீட்டும் ஆஸ்பத்திரிச் சீட்டும்

அன்புள்ள ஐயா,

காப்பீட்டு அட்டையைப் பற்றிப் போன மாதம் நீங்கள் எழுதியதைப் படித்தேன். கோபி பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியன் நான். அரசு மருத்துவத்துக்குப் பணம் போதாது என்றுதான் எல்லோரும் பேசுகிறார்கள். 2017 தேசிய சுகாதாரக் கொள்கையும் நாட்டின் மொத்த உற்பத்தியில் 2.5 சதவீதம் வரை செலவிட வேண்டும் என்கிறது. சரி, ஒதுக்குகிற பணம் எங்கே போகிறது என்று பார்க்க ஆள் வேண்டாமா? தேர்தலுக்கு ஆணையம் இருக்கிறது, தகவலுக்கு ஆணையம் இருக்கிறது. மருத்துவச் செலவைக் கண்காணிக்க ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் ஓர் ஆணையம் கேட்டு எங்கள் எம்.எல்.ஏ.விடம் மனு கொடுக்கப்போகிறோம். நாற்பது பேர் கையெழுத்துப் போட்டாயிற்று. உங்கள் கருத்து என்ன?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள ஐயா,

மனுவை ஒரு வாரம் தள்ளிக் கொடுங்கள். கொஞ்சம் திருத்த வேண்டியிருக்கிறது.

செலவைப் பார்க்க ஆளே இல்லை என்று சொல்ல முடியாது. தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் இருக்கிறார். அவர் அறிக்கை சட்டமன்றத்துக்கு வருகிறது, பொதுக் கணக்குக் குழு அதை எடுத்து விசாரிக்கிறது. கண் இருக்கிறது, விழிக்கிற நேரம்தான் தப்பு. 2018 செப்டம்பரில் ஏழைகளுக்கான மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் மருத்துவக் காப்பீடு தொடங்கியது. அதன் தணிக்கை அறிக்கை நாடாளுமன்றத்துக்கு வந்தது 2023 ஆகஸ்டில். 7,49,820 பயனாளிகளின் பெயருக்கு நேராக ஒரே கைப்பேசி எண் இருந்ததாம்: 9999999999. கைப்பேசி எண்ணை வைத்து யாருக்கும் தகுதி பார்ப்பதில்லை என்று அரசு விளக்கம் சொன்னது. இருக்கட்டும். பத்து ஒன்பதைக் கண்டுபிடிக்க ஐந்து வருஷமா? திருப்பூர் பனியன் கம்பெனியில் பேக்கிங் லிஸ்ட் அடிக்கிற பிள்ளை முதல் நாளே, “ஏனுங் சார், எல்லாத்துக்கும் ஒரே நம்பரா வருதுங்ளே?” என்று கேட்டிருக்கும்.

நீதிபதி தலைமையில் இன்னோர் ஆணையம் வந்தாலும் அதுவும் ஐந்து வருஷம் கழித்துத்தான் விழிக்கும் என்பது என் பயம். கட்டடம், கார், செயலாளர் எல்லாம் அமைந்து முடிக்கவே முதல் இரண்டு வருஷம் போய்விடும். (நீதிபதிகள் மேல் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. ஓய்வுபெற்றவர்களை ஓய்வெடுக்க விடலாமே என்றுதான்.)

நேரத்தோடு விழிக்கிற கண்ணும் நம்மிடமே இருக்கிறது. அரசு ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து வாங்கிக் கொடுக்க 1994-இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தைத் தொடங்கினார்கள். அதற்கு முன்பு அரசு ஆஸ்பத்திரியில் மருந்து கேட்டால் வெளியே வாங்கிக்கச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்த காலத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். என் மைத்துனர் அவிநாசி பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தாளுநராக இருந்தார். அவருடைய மேஜையில் கழகம் கொடுத்த, பேங்க் பாஸ்புக் மாதிரியே ஒரு பாஸ்புக் இருக்கும். அந்த நிலையத்துக்கு வருஷத்துக்கு இவ்வளவு ரூபாய்க்கு மருந்து என்று முதல் பக்கத்திலேயே இருக்கும். மாவட்டக் கிடங்கில் மருந்து எடுக்க எடுக்க, விலை கழிந்துகொண்டே வரும். ஒருமுறை நான் போயிருந்தபோது விரலால் மீதித் தொகையைத் தொட்டுக் காட்டினார். “இப்பவே சிரப்பா எடுத்து அடுக்கிட்டமுன்னா மாசி மாசத்துல சக்கரை மாத்திரைக்கு எங்க போறதுங்க மாமா?” என்றார். அவரை யாரும் மிரட்டவில்லை. மேலிருந்து ஆய்வுக்கு ஆள் வந்த நாளும் அது இல்லை. அந்த மீதித் தொகை கண்ணெதிரே இருந்தது, அவ்வளவுதான்.

மாத்திரை அட்டைகளில் தமிழ்நாடு அரசு வழங்கல், விற்பனைக்கு அல்ல என்று அச்சடித்திருப்பது இன்னொரு கண். வாங்கும் மருந்திலிருந்து மாதிரி எடுத்து, தயாரித்த கம்பெனியின் பெயரை மறைத்துத்தான் சோதனைக்கூடத்துக்கு அனுப்புகிறார்கள். கேரளமும் ராஜஸ்தானும் நம்மைப் பார்த்து இப்படிக் கழகம் அமைத்தன. இதில் குறையே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. மருந்து தீர்ந்துபோன நாட்களையும் பார்த்திருக்கிறேன். ஆனால் தீர்ந்துபோனது அன்றைக்கே தெரிந்தது.

காப்பீட்டுப் பணத்துக்கு இந்தப் பாஸ்புக் கிடையாது. எனக்குத் தூக்கம் கெடுவது அங்கேதான். 2009-இல் தொடங்கி, 2012-இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாறி, நோயாளி கையிலிருந்து பத்துப் பைசா வாங்கக் கூடாது என்ற விதியோடு நடப்பது அது. எங்கள் அத்தைக்கு மூட்டு ஆபரேஷன் அதில்தான் நடந்தது. ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். அட்டையை வாங்கிப் பதிந்த பிறகு, உள்ளே வைக்கிற சாமான் நல்லதாகப் போட வேண்டுமென்றால் தனியாகப் பன்னிரண்டாயிரம் ஆகும் என்றார்கள். அத்தை சேலை முந்தானையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். சீட்டு கேட்டதற்கு, “அட்டைக் கேஸுக்கெல்லாம் பில் வராதுங்க ஆத்தா” என்று பதில். தன் பெயரில் அரசு அந்த ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு கொடுத்தது என்று இன்றுவரை அத்தைக்குத் தெரியாது.

இதே அத்தை காலையில் ஆறு மணிக்குச் சொசைட்டியில் பால் ஊற்றுகிறவர். எத்தனை லிட்டர், கொழுப்பு எவ்வளவு, அதற்கு என்ன விலை என்று மிஷினிலிருந்து சீட்டு வரும். கண்ணாடி இல்லாமல் படிக்க வராது, ஆனால் பேரனிடம் காட்டாமல் மடிக்க மாட்டார். போன வாரத்தைவிடக் கொழுப்புக் குறைந்தால் அங்கேயே நின்று, “நேத்து அதே புல்லுதானுங்க போட்டேன், இன்னொருக்கா பாருங்க” என்பார். சொசைட்டிக்கும் வருஷத்துக்கு ஒரு தடவை தணிக்கை உண்டு. ஆனாலும் அங்கே அளவு தப்பாமல் இருப்பதற்குப் பாதிக் காரணம் வரிசையில் நிற்கிற இந்தப் பொம்பளைகள்தான். ஆறு வருஷச் சீட்டு ரப்பர் பேண்டு போட்டு அலமாரியில் இருக்கிறது. மூட்டுக்குக் கொடுத்த பன்னிரண்டாயிரத்துக்கு ஒரு துண்டுக் காகிதம் இல்லை.

ஆகவே ஆணையம் வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சின்னதாக இருக்கட்டும், சுகாதாரத் துறைக்குக் கீழே இல்லாமல் இருக்கட்டும், முதலில் காப்பீட்டுப் பணத்தை மட்டும் பார்க்கட்டும். தணிக்கையாளர் அறிக்கை ஆளுநர் வழியாகச் சட்டமன்றத்துக்குப் போன பிறகுதான் நம் கண்ணுக்கு வரும். இந்த அமைப்புக்கு யாரையும் கேட்காமல் மாதாமாதம் தானே வெளியிடுகிற உரிமை வேண்டும். எந்த ஆஸ்பத்திரி, எத்தனை ஆபரேஷன், எவ்வளவு பணம், எத்தனை புகார் என்ற நாலு வரி, அந்தந்த ஊர் கிராம சபையில் வாசிக்கப்பட வேண்டும். நோயாளி பெயர் எந்தக் காரணத்துக்காகவும் வரக் கூடாது. ஊரில் யாருக்குக் கர்ப்பப்பை எடுத்தார்கள் என்பது மைக்கில் வாசிக்கிற விஷயம் இல்லை. கிராம சபையில் கணக்குக் கேட்பது புதுசு ஒன்றும் அல்ல. 2005-இன் நூறு நாள் வேலைச் சட்டமே சமூகத் தணிக்கையை அங்கேதான் வைத்தது. மேகாலயா 2017-இல் அதற்கென்று தனிச் சட்டமே போட்டது.

மனுவில் நீதிபதி பற்றிய பத்தியை எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் இதை எழுதுங்கள்: காப்பீட்டு அட்டையில் சிகிச்சை பெற்று வெளியேறும் ஒவ்வொருவர் கையிலும், என்ன சிகிச்சை, அதற்கு அரசு கட்டுவது எவ்வளவு, நீங்கள் கட்ட வேண்டியது பூஜ்யம், மீறிக் கேட்டால் 104 மருத்துவ உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள் என்று தமிழில் அச்சடித்த சீட்டு ஒன்றைக் கொடுத்தாக வேண்டும். நாற்பத்தோராவது கையெழுத்து எங்கள் அத்தையுடையது. ஞாயிற்றுக்கிழமை கோபிக்கு வரும்போது கொண்டுவருகிறேன்.

அன்புடன்.