ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா: நடையா, சைக்கிளா? கேள்வி பதில்

சிங்கப்பூரின் ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரைப் பூங்காவுக்குப் போகிறவர்கள் அனுப்பிய கேள்விகளும் என் பதில்களும்.

அக்கா, சென்னையிலிருந்து குடும்பத்தோடு வர்றோம். ஒரு காலைப்பொழுதுதான் இருக்கு. முழுப் பூங்காவையும் நடந்து பார்த்துட முடியுமா?

முடியாதும்மா, முயற்சியும் செய்ய வேண்டாம். பரப்பு 185 ஹெக்டேர்தான், ஆனால் கடலை ஒட்டிச் சுமார் 15 கிலோமீட்டர் நீளும் ஒடுங்கலான பூங்கா அது. எங்கே நுழைவது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். 2024 ஜூனிலிருந்து மரீன் பரேட், சிக்லாப், பேஷோர் எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) நிலையங்கள் இயங்குகின்றன. மரீன் பரேடில் இறங்கி, விரைவுச்சாலைக்கு அடியில் போகும் சுரங்கப்பாதை வழியாக வந்தால் எதிரே கடல். அங்கிருந்து ஏதாவது ஒரு பக்கம் ஒரு மணி நேரம் நடந்துவிட்டுத் திரும்புங்கள், போதும். காலை ஏழு மணிக்கே வந்துவிடுங்கள். ஒன்பதுக்கு மேல் வெயில் சுள்ளென்று அடிக்கும்.

அப்பாவுக்கு மூட்டுவலி. அவருக்குச் சரிப்படுமா?

தாராளமாகக் கூட்டி வாருங்கள். பாதை சமதளம், ஏற்றமே கிடையாது. உட்கார பெஞ்சுகளும் கழிப்பறைகளும் உண்டு.

கரை நேராக இல்லாமல், வளைவு வளைவாக இருப்பது ஏன்?

இதை யாராவது கேட்க மாட்டார்களா என்று ஆசைப்பட்டேன். நாம் நடக்கும் இந்தத் தரை முழுவதும் ஒரு காலத்தில் கடல். 1966இல் தொடங்கிய நிலமீட்புப் பணியில் மண் கொட்டி உருவாக்கியது. புதிதாகக் கொட்டிய மணலை அலை அரித்துப் போகாமலிருக்க, இடைவெளி விட்டு விட்டுக் கடலுக்குள் கல்லடுக்கு முனைகளைக் கட்டினார்கள். அலை அந்த முனையில் மோதி, சுற்றித் திரும்பும்போது வேகம் இழக்கிறது. முனைகளுக்கு இடையில் மணல் தங்கிப் பிறை வடிவம் எடுக்கிறது. ஒரு முனையின் கல் மேல் நின்று இரண்டு பக்கமும் பாருங்கள், ஒருபக்கம் தண்ணீர் கொந்தளிக்கும், மறுபக்கம் அடங்கிக் கிடக்கும்.

இந்தக் கரைக்கு வெளியே இன்னும் சுமார் 800 ஹெக்டேர் நிலம் மீட்கும் ‘லாங் ஐலண்ட்’ திட்டத்தை 2023 நவம்பரில் அரசு அறிவித்தது. ஆகவே நங்கூரமிட்ட கப்பல்கள் வரிசையாகத் தெரியும் இந்தத் திறந்த கடலை இப்போதே நன்றாகப் பார்த்துவிடுங்கள் என்று எல்லோரிடமும் சொல்லி வருகிறேன்.

ஞாயிறு மட்டும்தான் லீவு. வாடகை சைக்கிளில் சாங்கி விமான நிலையம் வரை போகலாமா அக்கா?

போகலாம் தம்பி, அருமையான பாதை. பூங்காவின் கிழக்குக் கோடியிலிருந்து இரண்டாம் முனையம் வரை சுமார் 3.5 கிலோமீட்டர் இணைப்புப் பாதை இருக்கிறது. 2020இல் திறந்தார்கள். வழியில் பெரிய பெரிய டைனோசர் உருவங்கள் நிற்கும், பார்க்கக் காசு கிடையாது. டிசம்பர் முதல் மார்ச் தொடக்கம் வரை வடகிழக்குக் காற்று வீசும். சாங்கிப் பக்கம் போகும்போது அது எதிர்க்காற்று. தெம்பு இருக்கும்போதே அதை மிதித்துத் தாண்டிவிட்டால், திரும்பும்போது காற்றே தள்ளிக்கொண்டு வரும். சைக்கிளை எந்தக் கடையில், எத்தனை மணிக்குள் திருப்பித் தர வேண்டும் என்று எடுக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். பிரேக்கைப் பிடித்துப் பார்க்காமல் கடையை விட்டு நகராதீர்கள். மேற்கே போக விருப்பமென்றால் மரீனா அணைக்கட்டு வரை சைக்கிள் பாதை உண்டு.

பிள்ளைகளோடு போகும்போது எதில் கவனம் வேண்டும்?

இதை மட்டும் தயவுசெய்து அலட்சியப்படுத்தாதீர்கள். நடைபாதை வேறு, சைக்கிள் பாதை வேறு. சைக்கிள் பாதையில் வேக வரம்பு மணிக்கு 25 கிலோமீட்டர். ஆபத்து வருவது பெரும்பாலும் குழந்தை பந்தைத் துரத்திக் குறுக்கே ஓடும்போதுதான். மணல் பக்கம் போகவும் சைக்கிள் பாதையைக் கடக்க வேண்டியிருக்கும். நின்று, இரண்டு பக்கமும் பார்த்து, கையைப் பிடித்துக் கடக்கப் பழக்குங்கள். செல்ஃபி எடுக்கச் சைக்கிளைப் பாதை நடுவில் நிறுத்துவது பெரியவர்கள் செய்யும் தவறு. ஓரமாக ஒதுக்கி நிறுத்துங்கள்.

மழை வந்தால்?

ஏப்ரல் முதல் நவம்பர் வரை, விடியலிலும் காலையிலும் சுமத்ரா பக்கமிருந்து திடீர்ச் சூறைக்காற்று வரும். மேற்கே வானம் கறுத்தால் உடனே கூரைக்கடியில் போய்விடுங்கள். இடி இடிக்கும்போது மரத்தடியிலும் மணலிலும் நிற்கக் கூடாது.

சாயங்காலம் வந்தால் எங்கே போகலாம்?

பெடோக் படகுத்துறைக்கு, திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு. சுமார் 250 மீட்டர் கடலுக்குள் நீளும். தூண்டில்காரர்கள் கூட்டமாக இருப்பார்கள். அவர்கள் தூண்டிலைப் பின்னால் வீசி எறியும்போது முள் உங்கள் பக்கம் வரும், அதனால் முதுகுக்குப் பின்னால் ஒட்டி நடக்காதீர்கள், சைக்கிளை இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். பக்கெட்டில் என்ன மீன் என்று கேட்டால் பெரும்பாலும் சந்தோஷமாகக் காட்டுவார்கள். பசித்தால் லகூன் உணவங்காடி நிலையத்தில் சாத்தேயும் (குச்சியில் குத்திச் சுட்ட இறைச்சி), சம்பால் என்ற மிளகாய் விழுது தடவிச் சுட்ட திருக்கை மீனும் கிடைக்கும். பல கடைகள் சாயங்காலம்தான் சூடுபிடிக்கும், மதியமே போய் ஏமாறாதீர்கள்.