முதல்ல "வேண்டாம்"ங்கிற வார்த்தைய கத்துக்கங்க

அன்புள்ள அண்ணா,

டிசம்பர்ல நானும் வீட்டுக்காரரும் மூணு வாரம் மெக்சிகோ போறோம், அவருக்கு பியூப்லாவுல ஆபீஸ் வேலை. அங்க இருக்குற நம்ம யெகோவாவின் சாட்சிகள் சபையோட சேர்ந்து, வீட்டுக்கு வீடு போயி பைபிளப் பத்திப் பேசுற ஊழியம் செய்யணும்னு ரொம்ப ஆசை. நாலு மாசமா ஆப் வச்சு ஸ்பானிஷ் படிக்கிறேன். வணக்கம் சொல்லி, கார்டு கொடுத்து, போன்ல ஒரு வீடியோ போட்டுக் காட்டுற அளவுக்கு வரும். அது போதுமா? ஜனங்க கோவப்படுவாங்களா? விசா, டிரெஸ் விஷயத்துல எதாவது கவனிக்கணுமா? நீங்க அங்க ரெண்டு வருஷம் இருந்தீங்கன்னு எழுதியிருந்தீங்க, அதான்.

எஸ்., கோயம்புத்தூர்

அன்புள்ள தங்கச்சி,

உங்க கடிதம் வந்த அன்னைக்குக் காலையில நான் பழைய பெட்டிய கிளறிட்டு இருந்தேன், குவாதலஹாராவுல வச்சிருந்த ஊழிய நோட்டு ஒண்ணு கையில கிடைச்சுது, அதுல ஒரு பக்கத்தப் பாத்துட்டு அப்படியே உக்காந்துட்டேன். அதனாலதான் உடனே எழுதுறேன். இல்லன்னா டிரெஸ்ஸுக்கும் விசாவுக்கும் நான் பதில் போட்டிருக்க மாட்டேன். டிரெஸ் அங்க உள்ள சகோதரிங்க சொல்லுவாங்க. விசாவுக்கு தூதரகத்துல கேளுங்க, வெளிநாட்டுக்காரங்க மத வேலை செய்யறதுக்கு அங்க தனி விதி இருக்கு, யூகத்துல போகாதீங்க. அவ்ளோதான்.

"போதுமா"ன்னு கேட்டீங்க பாருங்க, அதுக்கு வர்றேன். போதாது. வணக்கம் சொல்லத் தெரியும், கார்டு நீட்டத் தெரியும், வீடியோ போடத் தெரியும்னு வரிசையா எழுதியிருக்கீங்க. எல்லாமே நீங்க செய்யப்போறது. எதிர்ல நிக்கிற அந்தம்மா என்ன சொல்லுவாங்க, அது உங்களுக்குப் புரியுமா, அதப்பத்தி ஒரு வரி இருக்கா உங்க கடிதத்துல? இல்லம்மா. இது கோவத்துல சொல்றது இல்ல, இதே தப்ப நான் செஞ்சிருக்கேன், அந்த வலியில சொல்றேன்.

மெக்சிகோக்காரங்க வாசல்ல வந்தவங்ககிட்ட மூஞ்சில அடிச்சமாதிரி "வேண்டாம்"னு சொல்றது ரொம்பக் குறைவு. "அவோரீதா"ன்னு சொல்லுவாங்க. அகராதியில பாத்தா "இப்பவே"ன்னு இருக்கும், அவங்க வாயில அது பத்து நிமிஷமாவும் இருக்கும், அடுத்த வாரமாவும் இருக்கும், என்னைக்குமே இல்லன்னும் இருக்கும். "அவோரீதா நோ, கிராசியாஸ்"னா வேண்டாம்னு அர்த்தம். "லுவேகோ"ன்னா அப்புறம், "ஓத்ரோ தியா"ன்னா இன்னொரு நாள், "சி தியோஸ் கியேரே"ன்னா கடவுளுக்குச் சித்தமிருந்தா. நம்ம ஊர்ல கல்யாண புரோக்கர்கிட்ட "பாக்கலாம்ங்க, சொல்லி அனுப்புறோம்"னு சொல்ற மாதிரிதான். அந்த "பாக்கலாம்" யாருக்குப் புரியாது? நமக்குப் புரியும். வெளியூர்லருந்து வந்தவன் மட்டும் சந்தோஷமா நோட்டுல எழுதிக்குவான்.

நான் எழுதிக்கிட்டேன். அந்தப் பக்கம்தான் இன்னைக்குக் கையில இருக்கு. 2012, தலகேபாகே பக்கம் ஒரு தெரு. கூட வந்த சகோதரர் பக்கத்து வீட்டுல பேசிட்டு இருந்தார், நான் தனியா அடுத்த கதவத் தட்டினேன். வயசான அம்மா ஒருத்தங்க திறந்தாங்க. நான் மனப்பாடம் பண்ணின நாலு வரிய ஒப்பிச்சேன். அவங்க என்னைப் பாத்து, வெயில்ல நிக்கிறானேன்னு உள்ள போயி ஒரு கிளாஸ் ஹமைக்கா தண்ணி கொண்டுவந்து கொடுத்தாங்க. செம்பருத்தி இனத்துப் பூவைக் காயவச்சு ஊறவைக்கிற சிவப்புத் தண்ணி, லேசாப் புளிக்கும். "அவோரீதா நோ, ஹோவென், ஓத்ரோ தியா"ன்னாங்க. இப்ப வேண்டாம் தம்பி, இன்னொரு நாள். நான் நோட்டுல எழுதினேன்: "நல்ல ஆர்வம். தண்ணி கொடுத்தார். மறுசந்திப்பு, வியாழன்."

வியாழக்கிழமை போனேன். மறுபடி அதே சிரிப்பு, அதே "ஓத்ரோ தியா". மூணாவது தடவையும் போனேன், அப்பதான் கூட வந்த சகோதரர் என் தோளப் பிடிச்சு நிறுத்தி கதவுக்கு மேல காட்டினார். கறுப்புத் துணியில கட்டின ஒரு பூமுடிச்சு. அவங்க அத மோன்யோன்னு சொல்லுவாங்க. வீட்டுல சாவு விழுந்திருக்குன்னு அர்த்தம். ஒம்பது நாள் சாயங்காலம் ஜெபமாலை சொல்லுவாங்க, ஒம்பதாம் நாள் தரையில சுண்ணாம்புலயோ சாம்பல்லயோ போட்ட சிலுவைய எடுப்பாங்க, சொந்தபந்தமெல்லாம் வரும். முதல் நாள்லருந்தே அந்த முடிச்சு அங்கதான் இருந்திருக்கு. நான் மூணு தடவையும் அதுக்குக் கீழ நின்னுதான் பேசியிருக்கேன், அலங்காரம்னு நெனச்சுட்டேன். அவங்க தன் துக்கத்த உள்ள வச்சுட்டு எனக்குத் தண்ணி கொடுத்திருக்காங்க. அத நான் ஆர்வம்னு எழுதி வச்சேன்.

மன்னிப்பு கேக்கக்கூட எனக்கு மொழி இல்லம்மா. சகோதரர்தான் தொப்பியக் கழட்டிட்டு ரெண்டு வார்த்தை சொன்னார்.

அவர் எழுபது தாண்டினவர். அன்னைக்கு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயி நிறைய சொன்னார். 1917ல போட்ட அரசியல் சட்டம் மதத்துக்கு எதிரா ரொம்பக் கடுமையா இருந்துச்சு. அதனால 1989 வரைக்கும் அங்க நம்மாளுங்க ஒரு கலாச்சார சங்கமாத்தான் பதிவு பண்ணி இருந்தாங்க, கூட்டத்துல பாட்டு கிடையாது, வீட்டுக்கு வீடு போகும்போது கையில பைபிள் கிடையாது. யோசிச்சுப் பாருங்க, பைபிள் இல்லாம பைபிளப் பத்திப் பேசப் போறது. திறந்து காட்ட ஒண்ணும் இல்ல, அதனால எதிர்ல இருக்குறவங்க சொல்றத முழுசாக் கேட்டாத்தான் அடுத்து என்ன பேசணும்னே தெரியும்னார். கையில போன வச்சுட்டு அவங்க பேசி முடிக்கறதுக்குள்ள வீடியோவ ஓட்டுறவங்களப் பாத்தா எனக்கு அவர் முகம்தான் ஞாபகம் வருது.

கோவப்படுவாங்களான்னு கேட்டீங்க. நிறைய கதவுல ஒரு ஸ்டிக்கர் பாப்பீங்க, குவாதலூப்பே மாதா படம் போட்டு "எஸ்தே ஓகார் எஸ் கதோலிகோ", இந்த வீடு கத்தோலிக்க வீடு, வேற சபைப் பிரச்சாரம் ஏத்துக்க மாட்டோம்னு. சிலதுல அடியில "விவா கிறிஸ்தோ ரெய்"னு இருக்கும், கிறிஸ்து அரசர் வாழ்கன்னு அர்த்தம். அது சும்மா போட்ட வரி இல்ல. 1926லருந்து 1929 வரைக்கும், அரசாங்கத்தோட மதக் கட்டுப்பாட்ட எதிர்த்து கத்தோலிக்கருங்க போட்ட கிறிஸ்தேரோ சண்டையில செத்தவங்க போட்ட கோஷம் அது, குவாதலஹாரா இருக்குற ஹலிஸ்கோ மாநிலம்தான் அதுக்கு மையம். கோயில்ல பூசை நின்னுபோன வருஷங்கள்ல பாதிரியார ஒளிச்சு வச்சு வீட்டுக்குள்ளயே பூசை பண்ணினாங்க. அவங்க தாத்தா பாட்டி விசுவாசத்தக் காப்பாத்தினது அந்தக் கதவுக்குப் பின்னாடிதான். அந்த ஸ்டிக்கரப் பாத்தா, கேவலமா நெனக்காம, சத்தம் போடாம அடுத்த வீட்டுக்குப் போங்க. "ஸ்டிக்கர் இருந்தாலும் தட்டிப் பாக்கலாம், அன்பாச் சொன்னா கேப்பாங்க"ன்னு யாராவது சொல்லுவாங்க. வேண்டாம். எழுதி ஒட்டினதுக்கு அப்புறமும் வாயால வேற சொல்லணுமா அவங்க?

டிசம்பர்ங்கிறதால இன்னொண்ணு. 16லருந்து 24 வரைக்கும் ராத்திரியில தெருவுல போசாதாஸ் நடக்கும். வெளிய நிக்கிறவங்க மரியாள் யோசேப்புக்காக இடம் கேட்டுப் பாடுவாங்க, உள்ள இருக்குறவங்க முடியாது போங்கன்னு பாட்டுலயே மறுப்பாங்க, கடைசியில கதவு திறக்கும். இதச் சொல்லி "மறுத்தாலும் விடாமக் கேக்கணும்"னு ஒருத்தர் எனக்குப் புத்தி சொன்னார். தப்பு. அங்க ரெண்டு பக்கமும் பாட்டு தெரியும், முடிவும் தெரியும். உங்களுக்காகக் கதவு திறக்கிறவங்களுக்கு அப்படி ஒரு பாட்டு தெரியாது.

போகாதீங்கன்னு சொல்லலம்மா, போங்க. உங்க ஆசை நல்ல ஆசை, அது உங்க எழுத்துலயே தெரியுது. ஆனா முதல் வாரம் வாயத் திறக்காதீங்க. உள்ளூர் சகோதரி பேசட்டும், நீங்க ஒரு அடி பின்னாடி நில்லுங்க, கதவு மேல என்ன இருக்குன்னு பாருங்க, வீட்டம்மா குரல் எங்க இறங்குதுன்னு கேளுங்க. பெரியவங்களுக்கு "து" சொல்லிடாதீங்க, அது நம்ம "நீ" மாதிரி, உங்க ஆப் அதத்தான் முதல்ல சொல்லிக் கொடுத்திருக்கும், "நீங்க"ங்கிறதுக்கு "உஸ்தெத்"னு சொல்லுங்க. பியூப்லா மலைப்பக்கம் போனா ஸ்பானிஷே அவங்களுக்கு ரெண்டாவது மொழியா இருக்கலாம், வீட்டுல நாவாத்ங்கிற பழங்குடி மொழி பேசுவாங்க, அங்க இன்னும் மெதுவா.

மறுக்கிறதுக்கு அவங்க சொல்ற வார்த்தைங்க பதினாலு என் நோட்டுல இருக்கு. டிக்கெட் போட்டதும் ஒரு மெயில் போடுங்க, என் குரல்லயே பதிவு பண்ணி அனுப்புறேன். "அவோரீதா"வ மட்டும் மூணு விதமாச் சொல்லிக் காட்டுறேன், இழுக்குற இழுவையிலதான் அர்த்தமே மாறும்.