ஸாப்பிலிருந்து தொடங்க வேண்டாம்

கேள்வி: 'மவுஸ்', 'பெர்செபோலிஸ்' இரண்டையும் படித்துவிட்டேன். அமெரிக்க அண்டர்கிரவுண்ட் காமிக்ஸ் இல்லாவிட்டால் இவை வந்தே இருக்காது என்று நண்பர்கள் சொல்கிறார்கள். சரி என்று ராபர்ட் கிரம்பின் தொகுப்பு ஒன்றைக் கடன் வாங்கிப் புரட்டினேன். பெண்களையும் கறுப்பின மக்களையும் வரைந்திருந்த விதத்தைப் பார்த்து மூடிவைத்துவிட்டேன். இந்த மரபை எங்கிருந்து படிக்கத் தொடங்குவது? நாங்கள் நான்கு பேர் சேர்ந்து சொந்தமாக ஒரு கறுப்பு வெள்ளைக் காமிக்ஸ் அச்சிடும் யோசனையிலும் இருக்கிறோம். அவர்களிடமிருந்து எங்களுக்கு எடுத்துக்கொள்ள ஏதாவது இருக்கிறதா?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: அண்டர்கிரவுண்ட் என்பது 1960களின் பிற்பகுதியிலிருந்து பெரிய நிறுவனங்களுக்கும் தணிக்கைக்கும் வெளியே வந்த காமிக்ஸ். நீங்கள் ஏற்கெனவே அப்படி ஒரு கதையைப் படித்திருக்கிறீர்கள். யூதர்களை எலிகளாக வரைந்து நாஜிப் படுகொலையைச் சொல்லும் 'மவுஸ்' முதல் பாகத்தில் ஓரிடத்தில் எலி முகங்கள் மறைந்து, மனித முகங்களோடு இருண்ட நான்கு பக்கங்கள் வரும். தாய் தற்கொலை செய்துகொண்டபின் மகன் கைதியின் கோடு போட்ட உடையில் நிற்பான். ஆர்ட் ஸ்பீகல்மன் அதை 1970களின் தொடக்கத்தில் ஓர் அண்டர்கிரவுண்ட் இதழுக்காக வரைந்தார். பிற்பாடு 'மவுஸ்' செய்தபோது அப்படியே உள்ளே வைத்துவிட்டார். 'மவுஸ்' கதையுமே 1972-இல் 'ஃபன்னி ஆமினல்ஸ்' என்ற இதழில் மூன்று பக்கங்களாகத்தான் முதலில் வந்தது. உங்கள் நண்பர்கள் மிகைப்படுத்தவில்லை.

கிரம்பை மூடிவைத்ததற்காக நீங்கள் சங்கடப்பட வேண்டியதில்லை. அவருடைய கோடு அசாத்தியமானது, அதில் எனக்கு மறுபேச்சில்லை. ஆனால் கறுப்பினப் பெண்ணைக் கேலிச்சித்திரமாக்கிய 'ஏஞ்சல்ஃபுட் மெக்ஸ்பேட்' மாதிரி ஒரு பாத்திரத்தைக் காட்டி, "இது நையாண்டி, உங்களுக்குத்தான் புரியவில்லை" என்று இன்று யாரிடமும் சாதிக்க முடியாது. அந்தக் காலத்திலேயே ட்ரினா ராபின்ஸ் என்ற ஓவியர் கிரம்பின் பெண் வெறுப்பைப் பற்றி வெளிப்படையாகப் பேசினார். ஆண் ஓவியர்களின் வட்டம் அவரை ஒதுக்கியது. வரலாறு எழுதுகிறவர்கள் வழக்கமாகக் கிரம்பிலிருந்தும் அவருடைய 'ஸாப்' இதழிலிருந்தும் ஆரம்பிப்பதால் புதிதாக வரும் வாசகர்களும் அங்கேயே போய் முட்டிக்கொள்கிறார்கள். என்னைக் கேட்டால், இந்த இயக்கத்தில் நிலைத்தவை வரைந்தவருக்கே உரிமை என்ற ஏற்பாடும், சொந்த வாழ்க்கையைக் கூச்சமில்லாமல் படக்கதையாக்கலாம் என்ற துணிச்சலும்தான். கஞ்சாவும் காமமும் கூடவே ஒட்டிக்கொண்டு வந்தவை.

இப்படி ஒரு வெடிப்பு ஏன் நடந்தது என்று புரிய 1954-க்குப் போக வேண்டும். காமிக்ஸ் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று ஃப்ரெட்ரிக் வெர்தாம் என்ற மனநல மருத்துவர் அந்த ஆண்டு ஒரு புத்தகம் எழுதினார். செனட் துணைக்குழு ஒன்று நியூயார்க்கில் விசாரணை நடத்தியது. மிரண்டுபோன பதிப்பாளர்கள் தங்களுக்குத் தாங்களே ஒரு தணிக்கையை வைத்துக்கொண்டார்கள். அதுதான் காமிக்ஸ் கோட். போலீஸ்காரர், நீதிபதி, அரசு அதிகாரி யார்மீதும் மரியாதை குறையும்படி வரையக் கூடாது. நன்மைதான் எப்போதும் ஜெயிக்க வேண்டும். தலைப்பில் 'ஹாரர்' என்ற சொல் கூடாது. இது சட்டமல்ல. ஆனால் அட்டையில் இந்தத் தணிக்கையின் முத்திரை இல்லாத இதழை மொத்த விநியோகஸ்தர்கள் பெரும்பாலும் தொடமாட்டார்கள்; தடை என்று தனியாக ஒன்று தேவைப்படவில்லை. நையாண்டி இதழான 'மேட்' 1955-இல் காமிக்ஸ் வடிவத்திலிருந்து பத்திரிகை அளவுக்கு மாறியதால் இந்த வலையில் சிக்கவில்லை. அதை உருவாக்கிய ஹார்வி கர்ட்ஸ்மன் பிற்பாடு நடத்திய 'ஹெல்ப்!' இதழில்தான் கிரம்ப், கில்பர்ட் ஷெல்டன் போன்றவர்களின் தொடக்ககாலப் படங்கள் வந்தன. 1965-இல் அதுவும் நின்றுபோனது. 'மேட்' படித்து வளர்ந்து, கை பழகி, போட இடமில்லாமல் நின்ற ஒரு கூட்டம் அப்போது இருந்தது.

'ஸாப்' முதல் இதழ் 1968 பிப்ரவரியில் சான்ஃபிரான்சிஸ்கோவில் வந்தது. படம் முழுக்கக் கிரம்ப். வெளியிட்டவர் டான் டொனாஹியூ. ஒரு சிறிய ஆஃப்செட் இயந்திரத்தில் அடித்துக் கொடுத்தவர் சார்லஸ் பிளைமெல் என்ற கவிஞர். விலை 25 சென்ட். ஹிப்பிகள் குவிந்திருந்த ஹெயிட்-ஆஷ்பரியில் கிரம்பும் மனைவியும் குழந்தை வண்டியில் பிரதிகளை வைத்துத் தள்ளிக்கொண்டு போய் விற்றார்கள். இந்தக் குழந்தை வண்டியைச் சொல்லாத கட்டுரை கிடையாது. எனக்கு அதைவிடச் சுவையானது, பிரதிகள் அங்கிருந்து எங்கே போயின என்பதுதான். ராக் இசைக் கச்சேரிப் போஸ்டர்கள், ஊதுபத்தி, சிகரெட் சுருட்டும் தாள் எல்லாம் விற்கும் 'ஹெட் ஷாப்' என்ற கடைகள் அமெரிக்க நகரங்களில் ஏற்கெனவே முளைத்திருந்தன. காமிக்ஸ் அந்தப் போஸ்டர் வழியிலேயே போய்ச் சேர்ந்தது. பெர்க்லியில் பல இதழ்களை வெளியிட்ட 'பிரிண்ட் மின்ட்' போஸ்டர் வியாபாரத்திலிருந்து வந்த நிறுவனம்தான். அந்தக் கடைகளுக்கு முத்திரை வேண்டாம். பத்திரிகைக் கடைகளைப் போல விற்காததைத் திருப்பி அனுப்பும் பழக்கமும் இல்லை. காசு கொடுத்து வாங்கினால் வாங்கியதுதான். கையில் பெரிய பணமில்லாத பதிப்பாளர் பிழைத்தது இதனால்தான். 1973 முதல் அமெரிக்காவில் காமிக்ஸ் சிறப்புக் கடைகளுக்கென்று உருவான நேரடி விற்பனை முறையும் இதே 'திருப்பி எடுப்பதில்லை' என்ற ஏற்பாட்டில்தான் நின்றது.

உரிமை விஷயத்திலும் இதே கதைதான். சூப்பர்மேனை உருவாக்கிய இரண்டு இளைஞர்கள் 1938-இல் அந்தப் பாத்திரத்தின் உரிமையை 130 டாலருக்குக் கொடுத்துவிட்டார்கள். பெரிய நிறுவனங்களில் பக்கக் கூலி வாங்கிக்கொண்டு வரைவதுதான் வழக்கம். வரைந்த தாள்கூடத் திரும்பி வராது. அண்டர்கிரவுண்டில் படம் வரைந்தவருடையதாகவே இருந்தது. ஒவ்வொரு முறை அச்சிடும்போதும் அவருக்கு ராயல்டி போனது. 1969-இல் நான்கு டெக்சாஸ்காரர்கள் தொடங்கிய 'ரிப் ஆஃப் பிரஸ்', 1970-இல் தொடங்கிய 'லாஸ்ட் காஸ்ப்', விஸ்கான்சினில் டெனிஸ் கிச்சன் நடத்திய பதிப்பகம் எல்லாம் இந்த ஒழுங்கில்தான் ஓடின. கணக்கு வழக்கெல்லாம் எப்போதும் ஒழுங்காக இருந்தது என்று சொல்லமாட்டேன். ஹிப்பிகள் அல்லவா.

இனி, எங்கிருந்து படிப்பது.

முதலில் ஹார்வி பெக்காரின் 'அமெரிக்கன் ஸ்ப்ளெண்டர்' தொகுப்பு எதையாவது எடுங்கள். பெக்கார் கிளீவ்லாந்தில் முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவமனையில் கோப்பு அடுக்கும் குமாஸ்தா. அவருக்குப் படம் வரைய வராது. குச்சி மனிதர்களைப் போட்டு வசனம் எழுதிக் கொடுப்பார். கிரம்ப் உட்படப் பலர் வரைவார்கள். 1976 முதல் ஆண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் சொந்தக் காசில் அச்சிட்டார். கடையில் வரிசையில் நிற்பது, அலுவலகச் சண்டை, கழிவிரக்கம், இவ்வளவுதான் கதை. உங்களுக்கு ஒவ்வாத கிரம்ப் வேறொருவர் எழுத்துக்கு வரையும்போது எவ்வளவு அடங்கி, எவ்வளவு கூர்மையாக இருக்கிறார் என்பதையும் இங்கே பார்க்கலாம்.

அடுத்து ஜஸ்டின் கிரீனின் 'பிங்கி பிரவுன்', 1972. ஒரு கத்தோலிக்கச் சிறுவனுக்குப் பாவ உணர்ச்சி நோயாகவே முற்றுகிறது. தன் உடம்பிலிருந்து கதிர்கள் கிளம்பிப் புனித மாதாவின் மேல் பட்டுவிடும் என்று அஞ்சி நடுங்குகிறான். அது கிரீனின் சொந்த மனநோய். அப்போது அதற்குச் சரியான பெயர்கூட அவருக்குத் தெரியாது. காமிக்ஸில் ஒருவர் தன் வெட்கத்தை இப்படி நீளமாக எழுதியது அதற்கு முன் இல்லை என்றே சொல்லலாம். இது இல்லையென்றால் 'மவுஸ்' இல்லை என்று ஸ்பீகல்மனே சொல்லியிருக்கிறார். 'மவுஸ்' படித்துத்தான் 'பெர்செபோலிஸ்' எழுதிய மர்ஜான் சத்ரபிக்கு இந்த வடிவத்தில் தன் கதையைச் சொல்லலாம் என்று தோன்றியது. உங்கள் அலமாரியில் இருக்கும் இரண்டு புத்தகங்களும் இந்தக் கத்தோலிக்கப் பையனுக்குக் கடன்பட்டவை. (பாலியல் படங்கள் இதிலும் உண்டு. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் மேல் தட்டில் வையுங்கள்.)

மூன்றாவதாகப் பெண்களின் இதழ்கள். உங்களுக்கு மிகவும் பயன்படப்போவது இதுதான் என்று நினைக்கிறேன். 1970-இல் ட்ரினா ராபின்ஸும் பார்பரா மெண்டெஸும் முழுக்கப் பெண்களே வரைந்த 'இட் எய்ன்ட் மீ, பேப்' இதழைக் கொண்டுவந்தார்கள். 1972-இல் 'விம்மன்ஸ் காமிக்ஸ்' தொடங்கி 1992 வரை வந்தது. அதன் முதல் இதழிலேயே ஒரு பதின்வயதுப் பெண்ணின் கருக்கலைப்பு பற்றிய கதை இருக்கிறது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் கருக்கலைப்பு உரிமையை அங்கீகரித்தது அடுத்த ஆண்டுதான். அலைன் கோமின்ஸ்கி தன்னைத் தானே அவலட்சணமாக வரைந்துகொண்ட 'கோல்டி' கதையும் அதில்தான். அதே இதழில் ராபின்ஸ், பெண்ணை விரும்பும் ஒரு பெண்ணைப் பற்றி வரைந்தார். அதைப் படித்த மேரி விங்ஸுக்கு அது வெளியிலிருந்து பார்த்த கதையாகப் பட்டது. கோபப்பட்டுக் கடிதம் எழுதுவதோடு நிற்காமல், 1973-இல் தன் கதையைத் தானே வரைந்து, தானே அச்சிட்டு, 'கம் அவுட் காமிக்ஸ்' என்று விற்றார். 1980-இல் ஹோவர்ட் க்ரூஸை ஆசிரியராக வைத்து, தன்பாலீர்ப்பாளர்களின் கதைகளுக்கான 'கே காமிக்ஸ்' வந்தது. அதைப் பார்த்து ஊக்கம் பெற்றவர் அலிசன் பெக்டெல். அவருடைய தன்வரலாற்றுப் படக்கதை 'ஃபன் ஹோம்' 2006-இல் வந்தது. ஒரு கதை பிடிக்காததிலிருந்து இன்னொரு கதை பிறந்து, முப்பது ஆண்டுகளில் பல்கலைக்கழகப் பாடத்திட்டத்துக்குப் போயிற்று.

இவற்றுக்குப் பிறகு 'ஸாப்' படியுங்கள். விக்டர் மொஸ்கோசோ, ரிக் கிரிஃபின் இருவரின் பக்கங்களைத் தவறவிடாதீர்கள். போஸ்டர் ஓவியர்கள், அவர்களுக்குக் கதையைப் பற்றிக் கவலையே கிடையாது. இறக்குமதித் தொகுப்புகளின் விலை கடிக்கும், முடிந்தவரை நூலகத்திலோ நண்பர்களிடமோ பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் இதழுக்கு வருகிறேன். அண்டர்கிரவுண்ட் பக்கங்களில் ஏன் அவ்வளவு குறுக்குக்கோடுகள் என்று கவனித்தீர்களா? அட்டை மட்டும் வண்ணம், உள்ளே மலிவுத் தாளில் ஒரே கறுப்பு மை. சாம்பல் நிறம் வேண்டுமென்றால் பேனாவால் கோடு போட்டுத்தான் வரவழைக்க வேண்டும். உங்களுக்கும் அதே நிலைமைதான். பென்சில் நிழல் ஜெராக்ஸிலும் மலிவு டிஜிட்டல் அச்சிலும் அழுக்காகத்தான் விழும். மையில் வரையுங்கள், குறைந்தது 600 டி.பி.ஐ.யில் ஸ்கேன் செய்யுங்கள். ஏ4 தாளை மடித்து நடுவில் பின் அடித்தால் ஏ5 புத்தகம். பக்கங்கள் நான்கின் மடங்காக இருக்க வேண்டும், 16 என்றால் சுலபம். நூறு, இருநூறு பிரதிக்கு டிஜிட்டல் அச்சே மலிவு. ஆஃப்செட்டில் பிளேட் செலவு இருப்பதால் எண்ணிக்கை கூடினால்தான் கட்டுப்படியாகும். கொஞ்சமாக அடித்து, தீர்ந்ததும் மறுபடி அடியுங்கள். அவர்களும் அப்படித்தான் செய்தார்கள்.

அசல் பக்கங்களை நகலெடுக்காமல் யார் கையிலும் கொடுக்காதீர்கள். 'ஸாப்' முதல் இதழாக வந்திருக்க வேண்டிய பக்கங்களை வாங்கிக்கொண்டு போனவர் காணாமல் போனார். நல்லவேளையாக நகல் இருந்ததால் அது பின்னால் 'ஸாப் 0' என்று வந்தது. 1-க்குப் பிறகு 0 வந்த காரணம் அதுதான்.

நான்கு பேர் என்கிறீர்கள். 'விம்மன்ஸ் காமிக்ஸ்' குழுவில் ஆசிரியர் பொறுப்பு இதழுக்கு இதழ் கைமாறும். நிரந்தர முதலாளி கிடையாது. அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். இந்தியாவில் பதிப்புரிமை வரைந்த கணமே வரைந்தவருக்கு வந்துவிடுகிறது, பதிவு செய்வது கட்டாயமில்லை. ஆனாலும் அவரவர் கதை அவரவருக்கே, குழுவுக்கு இந்த இதழில் அச்சிடும் அனுமதி மட்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு வையுங்கள். நட்பு நன்றாக இருக்கும்போதே.

பிரபல கார்ட்டூன் பாத்திரங்களை வைத்து நையாண்டி செய்யும் ஆசை வந்தால் 1971-ஐ நினைத்துக்கொள்ளுங்கள். டான் ஓ'நீலும் கூட்டாளிகளும் 'ஏர் பைரேட்ஸ்' என்ற இதழில் மிக்கி மவுஸைப் போதையும் காமமுமாக வரைந்தார்கள். டிஸ்னி வழக்குப் போட்டது. ஆண்டுக்கணக்கில் இழுத்து, 1978-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் ஓவியர்களுக்கு எதிராகவே தீர்ப்புச் சொன்னது. வந்தது இரண்டே இதழ்.

கடைசியாக, கடைக்காரர். 'ஸாப்' நான்காம் இதழுக்காக நியூயார்க்கில் ஆபாச வழக்கில் தண்டனை பெற்றவர்கள் அதை விற்ற புத்தகக் கடைக்காரர்கள். 1973-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், எது ஆபாசம் என்பதை அந்தந்த ஊரின் அளவுகோலை வைத்துப் பார்க்கலாம் என்றதும் ஹெட் ஷாப்காரர்கள் பலர் வாங்குவதையே நிறுத்தினார்கள். அந்த இயக்கம் அடி வாங்கியது அங்கேதான். இங்கேயும் பாரதிய நியாய சம்ஹிதையின் 294-ஆவது பிரிவு ஆபாசமானதை விற்பவரையும் சேர்த்தே பிடிக்கும். உங்கள் இதழில் அப்படி எதுவும் இல்லாமலே போகலாம். இருந்தால் அட்டையில் 'பெரியவர்களுக்கு மட்டும்' என்று போடுங்கள். அது சட்டத்திலிருந்து காப்பாற்றிவிடாது. வாங்குகிறவருக்கு ஓர் அறிவிப்பு, அவ்வளவுதான். கடைக்காரருக்கு அது போதாது. கட்டைக் கொடுக்கும் முன் ஒரு பிரதியை எடுத்து, வில்லங்கமான பக்கத்தைத் திறந்து காட்டிவிடுங்கள். வைத்துக்கொள்வதா வேண்டாமா என்பதை அவரே முடிவு செய்யட்டும்.